மூணு பேருக்கும் வணக்கம்

ஜூலை 1, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இருந்த இரண்டு குடத்தில் சமையலையும் குளியலையும் முடித்துக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினேன். பதினோரு வீடு. உப்பளச் சாலையில் நிழல் என்று ஒன்று கிடையாது. பத்தொன்பது வருடமாக நடக்கிறேன், இன்னும் ஒரு மரத்தைக்கூட யாரும் நடவில்லை.

கடைசி வீடு நவமணி நகர் குடியிருப்பில் சேர்மக்கனி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். உப்பு மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து ஆறு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஐம்பத்திரண்டு வயது. மனைவியும் மகளும் திருப்பூரில். எதிர்வீட்டு ராசாத்தி மூன்று வேளையும் தட்டில் போட்டுக் கொண்டுவந்து தருகிறாள். கட்டிலில் கிடந்தபடியே கதவைத் திறக்க ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். தாழ்ப்பாளில் நைலான் கயிறு. இழுத்தால் தாழ் விலகிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். போகிறவர்கள் சாத்திவிட்டுப் போனால் தாழ் விழுந்துவிடும்.

வீட்டுச் சேவைத் திட்டத்தில் அவருக்கு நாங்கள் மூன்று பேர். மருந்துக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் நான். கை கால் பயிற்சிக்கு அருணகிரி. உதவித்தொகை, சான்றிதழ், மனு எல்லாவற்றுக்கும் சமூக நலத் துறையின் ஜமீலா. மூன்று துறையும் ஒரே ஆப்பில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு டேப் கொடுத்தார்கள். அவர்கள் இருவருக்கும் பாஸ்வேர்டு வரும் வரும் என்று மூன்று மாதமாக வரவில்லை. அதனால் மூன்று டேப்பும் என் பெயரில்தான் திறக்கின்றன. யார் என்ன எழுதினாலும் அதில் ஞானசுந்தரி என்றே விழும். ஒருநாள் நான் கால் பயிற்சி கொடுத்ததாக வந்திருந்தது. சிரித்துக்கொண்டோம்.

சேர்மக்கனி முன்பெல்லாம் நினைத்த நேரத்துக்கு என் போனுக்கு அடிப்பார். நான் தட்டில் கை வைக்கும் நேரமாகத்தான் அது இருக்கும். இனிமேல் போன் அடிக்க வேண்டாம், திட்டத்தில் கொடுத்த கருவியில் பட்டனை அமுக்கிப் பேசினால்தான் பதிவாகும், எங்களில் ஒருவர் கேட்டதும் உங்களுக்குப் பச்சை டிக் விழும் என்று நான்தான் பழக்கினேன். ஒருவர் கேட்டால் மற்ற இருவர் டேப்பிலும் ‘கேட்டாச்சு’ என்று வந்துவிடும். யார் கேட்பது என்று முறை வைத்துக்கொண்டோம். திங்கள் செவ்வாய் நான், புதன் வியாழன் அருணகிரி, வெள்ளி சனி ஜமீலா.

ஜூலை 4, வியாழன்

நெத்திலி ஒரு கிலோ வாங்கி ஆய்ந்து முடிக்க ஒரு மணி நேரம்.

மத்தியானம் அருணகிரி எனக்கும் ஜமீலாவுக்கும் சேர்மக்கனியின் குரலைப் போட்டுக் காட்டினார். எப்போதும் ‘மூணு பேருக்கும் வணக்கம்’ என்றுதான் ஆரம்பிப்பார், மேடையில் பேசுகிறவர் மாதிரி. இன்றைக்கு மின்விசிறி கிறீச் கிறீச் என்று கத்துகிறதாம், இதற்கு எந்தத் துறையில் மனுப் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். முடிவிலும் வழக்கம்போல ‘பதில் வேண்டாம், வேலையப் பாருங்க’. வாரத்துக்கு ஏழு எட்டு இப்படி வரும். காகம் வந்தது, கேபிள் போய்விட்டது, தலையணை உறை மாற்றணும். தனியாகக் கிடக்கும் மனிதர், பேச ஆள் வேண்டாமா என்பாள் ஜமீலா. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஜூலை 8, திங்கள்

சேர்மக்கனிக்குக் குழாய் மாற்றினேன். காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சரி. ராசாத்தி புதன்கிழமை ஊருக்குப் போகிறாளாம், மூன்று நாள். ரொட்டியும் பழமும் வாங்கிக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறதாம். என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது என்று அலுவலகத்தில் பேச்சு.

ஜூலை 11, வியாழன்

நாத்தனார் மகளுக்கு நிச்சயம். லீவு எழுதிக் கொடுத்தால் பட்டியல் நேரத்தில் கண்ணில் படும் என்று எழுதவில்லை. மண்டபத்திலிருந்தே நாலு வீட்டுக்குப் போய்ப் பார்த்ததாக ஆப்பில் ‘சென்ற முறை போலவே’ பட்டனை அமுக்கிவிட்டேன். நாலும் மாற்றமில்லாத ஆட்கள், சனிக்கிழமை நேரில் பார்த்துக்கொள்ளலாம். மயில்கழுத்துப் பட்டைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் காதைச் செவிடாக்கினார்கள். நடுவில் டேப் வேறு கத்திற்று, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அமுக்கிப் பைக்குள் போட்டேன். கேசரியில் நெய் அதிகம்.

ஜூலை 12, வெள்ளி

உடம்பு அலுப்பு. இரண்டு தடுப்பூசி முகாம். வேறொன்றுமில்லை.

ஜூலை 13, சனி

காலை பத்தேகாலுக்கு ஜமீலா அழைத்தாள். உதவித்தொகைக்காக வருடத்துக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதற்கான சான்று எடுக்க வேண்டும், அதில் கைநாட்டு வாங்க சேர்மக்கனி வீட்டுக்குப் போயிருக்கிறாள். கதவு விரியத் திறந்து கிடந்ததாம். அவர் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். உடம்பு கொதிக்கிறது, பையில் சிறுநீர் பழுப்பாகக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஊசி போட்டு ஏற்றி அனுப்பினோம். கருவி அவர் கையிலேயே இருந்தது. விரலைப் பிரித்து எடுத்தேன். திரையில் பச்சை டிக் இருந்தது.

வியாழக்கிழமை அருணகிரியின் முறை.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஆறு மணிக்குச் சேர்மக்கனி இறந்துவிட்டார். சிறுநீரில் தொற்று ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

கோயிலுக்குப் போகவில்லை, தலைவலி என்று சொன்னேன்.

இரண்டு நாளாகக் கதவு ஏன் திறந்து கிடந்தது என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சாம். மாடிவீட்டுப் பெண், காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாளாம்.

ஜூலை 16, செவ்வாய்

விசாரணை வருகிறது. வியாழன் காலை 11.14க்கு அவர் பேசியிருக்கிறார், 11.16க்குக் கேட்கப்பட்டிருக்கிறது, அதன்பின் யாரும் போகவில்லை. அதுவரைக்கும்தான் அலுவலகக் கணினியில் தெரியும், கேட்டது எந்த டேப் என்று தெரியாது. பேச்சு அங்கே சேமிக்கப்படாதாம். எந்த டேப்பில் திறந்தார்களோ அந்த டேப்பில் ‘பழையவை’ என்ற இடத்தில் முப்பது நாள் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும்.

மூன்று மாதமாக வராத பாஸ்வேர்டு இன்றைக்கு ஒரே நாளில் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது.

நான் அன்று மண்டபத்தில் அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

வாரத்தில் பார்க்காமல் விட்ட வீட்டை வியாழக்கிழமை பத்து மணிக்கு டேப் நினைவூட்டும், இன்றும் சரியாக ஒலித்தது. ‘சேர்மக்கனி. பார்வை நிலுவை.’ கையிலிருந்த மாத்திரை டப்பா கீழே விழுந்து சிதறிவிட்டது. இறந்தவர் பெயரை எடுக்க வேண்டுமென்றால் மூன்று துறையும் தனித்தனியாக ‘முடிந்தது’ என்று அமுக்க வேண்டுமாம். அருணகிரியும் ஜமீலாவும் அமுக்கிவிட்டார்கள். ‘இருவர் ஒப்புதல், ஒருவர் பாக்கி’ என்று காட்டுகிறது. அமுக்கப் போனேன். ‘இந்த டேப்பில் இந்த நபர் தொடர்பான குரல்பதிவுகள் அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா’ என்று கேட்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன்.

பகலில் வாசல் கதவைத் திறந்தே போட்டு வைக்கிறேன் என்று இவர் கோபிக்கிறார். பூனை வந்து பால் பாத்திரத்தை உருட்டிவிட்டது.

ஜூலை 22, திங்கள்

விசாரணை. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி, பக்கத்தில் எங்கள் பெரிய டாக்டரம்மா. எங்கள் மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

வியாழன் யார் முறை என்று கேட்டார். அருணகிரி, தன் முறைதான் என்றார். நவமணி நகருக்கு அடுத்த தெருவில் ஒரு பாட்டியை நடக்க வைத்துக்கொண்டிருந்ததாகவும், பதினொன்றரைக்கு டேப்பை எடுத்தபோது ஏற்கெனவே ‘கேட்டாச்சு’ என்று இருந்ததாகவும் சொன்னார். யாரோ கேட்டிருக்கிறார்கள், போயிருப்பார்கள் என்று நினைத்தாராம். யாரோ என்றால் யார் என்று அதிகாரி கேட்டார். தெரியவில்லை என்றார். அவருடைய டேப்பை வாங்கிப் பார்த்தார்கள். ‘பழையவை’ காலி, ‘முடிந்தது’ என்று அமுக்கியபோதே அழிந்திருக்கும். அழித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அதிகாரி முடிவுக்கே வந்துவிட்டார். என் டேப்பை யாரும் கேட்கவில்லை. எனக்கு அன்று களத்தில் நாலு வீடு பதிவாகியிருந்தது.

இன்னொன்று நடந்தது. புதன்கிழமை மாலை சேர்மக்கனியின் பதிவில் ஒரு குறிப்பு இருந்திருக்கிறது. ‘சிறுநீர் கலங்கல். காய்ச்சல் வருகிறதா என்று கவனிக்கவும்.’ கீழே என் பெயர். அதிகாரி அதை வாசித்துவிட்டு, செவிலியர் முந்தின நாளே கவனித்து எழுதியிருக்கிறார், இதை மற்றவர்கள் கண்ணெடுத்துப் பார்த்திருந்தால் போதும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். அருணகிரி எழுந்து, “சார், அது நான் எழுதுனது. எல்லாமே சிஸ்டர் பேர்லதான் விழும்” என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை சார் என்றேன்.

அருணகிரி உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 23, செவ்வாய்

மாவு அரைத்தேன். பூ வாங்கினேன். மகளுக்கு ஹாஸ்டலுக்கு முறுக்கு சுட்டு அனுப்பினேன். ஒரு நிமிடம் சும்மா உட்காரவில்லை.

ஜூலை 25, வியாழன்

பத்து மணி. ‘சேர்மக்கனி. பார்வை நிலுவை.’

சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். அப்படியும் பத்து மணிக்குக் கை தானாக டேப்புக்குப் போகிறது.

ஷேர் ஆட்டோவில் எனக்குப் பின்னால் ஏறிய ஒருவர், டிரைவரையும் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்து வணக்கம் வைத்தார். அதே தடித்த குரல். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மிச்ச தூரத்தை நடந்தேன்.

ஜூலை 29, திங்கள்

அருணகிரியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்த வேலைதானே, ஒரு வரிக் கடிதம் போதும். அதோடு போனால் பரவாயில்லை. ஆகஸ்ட் எட்டாம் தேதி இறுதி அறிக்கை, அதில் ‘அலட்சியத்தால் மரணம்’ என்று எழுதிவிட்டால் அந்தத் தம்பிக்கு இனி எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைக்காது என்று ஜமீலா சொன்னாள்.

அவர் டேப்பை ஒப்படைக்க வந்திருந்தார். சேர்மக்கனிக்கு வாங்கி வைத்திருந்த கையுறை, பந்து, இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார், வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி. முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

பை இன்னும் பீரோ மேலே இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

பத்து மணி.

ராசாத்தியைக் குடியிருப்பில் பார்த்தேன். ஊருக்குப் போனது அவளுக்குப் பெரிய குற்றமாக ஆகிவிட்டது. பார்க்கிறவர்களிடம் எல்லாம், கிளம்பும்போது ரொட்டி வைத்தேன், பழம் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். என்னிடமும் சொன்னாள். பிறகு, “செத்த வீட்டுல பேசக்கூடாதுதான் சிஸ்டர். ஆனா அந்தக் கயித்த ஏன் இழுத்தாவன்னு மட்டும் எனக்கு வெளங்கவே மாட்டேங்கு. யாரும் வந்து தட்டாம அவிய இழுக்கவே மாட்டாவ” என்றாள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

மாலை நாலு மணிக்கு ஜமீலா வீட்டுக்கு வந்தாள். பள்ளிவாசல் தெருச் சமோசா வாங்கி வந்திருந்தாள். இவர் இருக்கிற வரைக்கும் விலைவாசி பேசினாள். இவர் வெளியே போனதும் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அந்த வியாழக்கிழம மத்தியானம் ஒரு சான்றிதழ் விஷயமா உங்களுக்குப் போன் அடிச்சேன்க்கா, ஞாபகம் இருக்கா. பேண்டு சத்தம் கேட்டுச்சு. உப்பளத்துல யாரு பேண்டு வாசிக்காவன்னு நெனச்சேன்.”

நான் சமோசாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவரு என்ன பேசுனாருன்னு எனக்குத் தெரியாது. ஒருவேள மின்விசிறியப் பத்திகூடப் பேசியிருக்கலாம். தெரிஞ்சவங்க சொல்லட்டும்.”

சமோசா அப்படியே இருக்கிறது. அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவள் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது. மூன்றாவது என்றார்கள், இரண்டாவதாகவே இருக்கிறது. புதன்கிழமைக் குறிப்பு எழுதியதைப் பெரிய டாக்டரம்மா மேலே எழுதி அனுப்பினாராம். எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தேன்.

இங்கே ஒன்றை எழுதிவிடுகிறேன், இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அன்று மண்டபத்தில் டேப் கத்தியபோது பையிலிருந்து எடுத்து அமுக்கினேன், சத்தத்தை நிறுத்தத்தான் அமுக்கினேன், அது திறந்துகொண்டது. திறந்துகொண்ட பிறகு காதில் வைத்தேன். ஒரு பத்து விநாடி இருக்கும். பேண்டு சத்தத்தில் பாதி புரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றேன். பொங்கி அடுப்பு முழுக்க வழிந்த பிறகுதான் தெரிந்தது.

பத்து விநாடி இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. ‘பழையவை’யைத் திறந்தேன். அதில் அது ஒன்றுதான் இருக்கிறது. நாற்பத்து மூன்று விநாடி. ‘இன்னும் 3 நாளில் அழிக்கப்படும்’ என்று பக்கத்தில் சிவப்பில் போட்டிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும், சனிக்கிழமை தானாகப் போய்விடும். என் கை படவே வேண்டாம்.

இதை அன்றைக்கே முழுவதும் கேட்டேன். மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்துக்குப் போய், ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு கேட்டேன். ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் புரிந்தது. உடனே அருணகிரிக்குப் போன் அடிக்கலாம் என்று நினைத்தேன். அப்போது போட்டோவுக்கு நிற்கக் கூப்பிட்டார்கள். பிறகு பந்தி. அப்புறம் அவர் முறைதானே, அவருக்கும் டேப் அடித்திருக்கும் என்று தோன்றிற்று. நான் திறந்துவிட்டதால் அவருக்கு அது கேட்டாச்சு என்று காட்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் நினைவில்லை என்று சொல்லத்தான் ஆசை. நினைவிருந்தது. சேர்மக்கனியின் வழக்கமான புலம்பலில் ஒன்றாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மனதுக்குள், ஒரு நாளாவது என்னை விடுங்களேன் என்றுகூட நினைத்தேன்.

அழிந்துபோனாலும் இங்கே இருக்கட்டும் என்று எழுதுகிறேன். மூணு பேருக்கும் வணக்கம் என்று அவர் ஆரம்பிக்கவில்லை.

“ஞானம் சிஸ்டர், சேர்மக்கனி பேசுதேன். இது உங்களுக்கு மட்டும். தம்பி நேத்து வந்தாவ. மூத்திரம் கலங்கலா இருக்கு, குளிர் காய்ச்சல் வந்தா ஒரு நிமிஷம் தாமசிக்காம சிஸ்டருக்குச் சொல்லிருங்கன்னு சொல்லிட்டுப் போனாவ. விடியக்காலையிலருந்து குளிருது சிஸ்டர். ரெண்டு போர்வ போத்தியும் பல்லு அடிக்கி. ராசாத்தி ஊர்ல இல்ல. கயித்த இப்பவே இழுத்துட்டேன். பொறவு கையில தெம்பு இருக்குமோ என்னமோ. கதவு தொறந்துதான் கெடக்கும், நீங்க தட்டாண்டாம், நேரா உள்ள வந்துருங்க. காத்துக்கிட்டு இருக்கேன்.”

பதில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இது முடிந்ததும் அவருக்குப் பச்சை விழுந்திருக்கும். நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் மறுபடி அமுக்கவே இல்லை. போனும் அடிக்கவில்லை, அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. வியாழன் பகல், வியாழன் ராத்திரி, வெள்ளி முழுக்க அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நான்தான் அவரைச் சாகவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பத்து மணிக்கு டேப் ஒலித்தபோது அதிகாரியின் அறை வாசலில் இருந்தேன். ‘சேர்மக்கனி. பார்வை நிலுவை.’ உள்ளே போனேன். அருணகிரி மூலையில் இருந்தார், ஜமீலா பக்கத்தில். அறிக்கை தயாராக மேசைமேல் இருந்தது.

சொல்வதற்கு நிறைய வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன். டேப்பை மேசைமேல் வைத்துச் சத்தத்தை முழுதாக ஏற்றி அமுக்கினேன்.

நாற்பத்து மூன்று விநாடி. காத்துக்கிட்டு இருக்கேன் என்றதும் முடிந்துவிட்டது. பெரிய டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அன்று களத்தில் இல்லை, மண்டபத்தில் இருந்தேன், நாலு வீடும் பொய், புதன்கிழமைக் குறிப்பு இந்தத் தம்பி எழுதியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதிகாரி இதையெல்லாம் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். அந்த அறிக்கையை அவர் எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

அருணகிரியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சஸ்பெண்ட் கடிதம் கையில் வந்தது. டேப்பை வாங்கிக்கொண்டார்கள். இவர் கடிதத்தை வாசித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்து, காபி போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

டேப் இல்லை. பத்து மணிக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி தானாக நின்றது.

அருணகிரியைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். ஜமீலா சொன்னாள். நவமணி நகரில் இப்போது புது செவிலியர் ஒருத்தி. சேர்மக்கனி பெயரை அவள்தான் மூன்றாவதாக அமுக்கி எடுத்தாளாம். யார் என்றே தெரியாமல் எடுத்திருப்பாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் அருணகிரி வந்தார். கதவு திறந்துதான் கிடந்தது, தட்டாமல் உள்ளே வந்து நின்றார். நான் எழுந்துவிட்டேன். உட்காருங்க தம்பி என்றேன். உட்காரவில்லை. சேர்மக்கனியின் பையைக் கேட்டார். புதிதாக ஒரு பையனுக்கு முதுகெலும்பில் அடி, அவனுக்கு அந்த ரப்பர் பட்டை உதவுமாம். நாற்காலி போட்டு ஏறி பீரோ மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தூசி தட்டித்தான் கொடுத்தேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பைக்குள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். பந்தை எடுத்து ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

“நான் அடுத்த தெருவுலதான்க்கா இருந்தேன்” என்றார். “ஒரு போன் போதும். நாலு நிமிஷத்துல போயிருப்பேன்.”

கத்தவில்லை. தெரு எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, சேர்மக்கனி வீட்டில் பழகிய கை, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவர் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும் வரை நின்றேன். பிறகு போய்க் கதவைத் திறந்து வைத்தேன்.